காலும் சில்லும் மட்டும் மிஞ்சிய கலியாணப் படம்

“பிறேக் எங்க கிடக்கு?” என்று கேட்டேன்.

ட்ரொலியின் பலகையில் நானும் என் வீட்டுக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். என் மடியில் சோற்றுப் பார்சலும் மீன்குழம்புப் பார்சலும். ஒரு கையில் குடை. மற்றக் கையால் பலகையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தேன். செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள், வெறுங்கால் இரண்டும் சில்லுக்குப் பக்கத்தில் தொங்கின. பின்னால் பெனடிக்ற் அண்ணன் களிசானை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டும், ஹனிபா காக்கா சாறனை மடித்துக் கட்டிக்கொண்டும் தள்ளுவதற்கு ஆயத்தமாக நின்றார்கள்.

“பிறேக்கா?” என்றார் பெனடிக்ற் அண்ணன். “தங்கச்சி, அந்தக் காலத்து ட்ரொலிக்கும் பிறேக் இல்ல. இருந்திருந்தா படத்தில விழுந்திருக்கும்.”

“அப்ப எப்பிடி நிப்பாட்டுவீங்க?”

“தள்ளாம விட்டா நிக்கும்.”

“நிக்காட்டி?”

“நிக்காட்டி வாவிதான்” என்றார் ஹனிபா காக்கா. “முழங்கால் தண்ணி. பயப்பிடாத புள்ள.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து, தன் பக்கத்துச் சில்லு தண்டவாளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு என் குணம் இதற்குள் பிடிபட்டிருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மெசினுக்கு முன்னால் இருந்தவள் நான். படிப்பு நின்றது, யோசனை நிற்கவில்லை. மழை வந்தால் வெள்ளம் வரும் என்று யோசிப்பேன். வெயில் எறித்தால் கிணறு வற்றும் என்று யோசிப்பேன். அன்றைக்கு அந்தப் பலகையில் இருந்தபடி பாம்பு, மிதிவெடி, ஆணி, வாவி, ஆமிக்காரர், மடியில் இருந்த மீன்குழம்பு புளித்துப்போவது என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு யோசனையோடும் ஏன் ஏறினேன் என்றால், எனக்கு ஒரு படம் வேண்டும். என் முகம் விழுந்த ஒரு கலியாணப் படம். அது எப்படி இல்லாமல் போனது என்பதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பறுவத்துக்குப் பறுவம்

என் வீட்டுக்காரர் தம்பிராசா மட்டக்களப்பு ஸ்டேசனில் பொதி ஏற்றி இறக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். ஆனால் பெரிய கோச்சியில் அவருக்கு அவ்வளவு பிடிப்பில்லை. அது சம்பளம் தரும் கோச்சி, அவ்வளவுதான். உயிர் எல்லாம் சின்னத் தண்டவாளத்தில். அவிசாவளைப் பக்கம் முந்தி ஓடிய சின்னக் கோச்சி, மலைத் தோட்டங்களில் கொழுந்து ஏற்றிய வண்டி, கரும்பு இழுத்த வண்டி, துறைமுகம் கட்டக் கல் சுமந்த வண்டி என்று, எங்கேயாவது ஒடுக்கமான பாதை ஒன்று ஓடியது என்று காதில் விழுந்தால் போதும், அதன் படம் வேண்டும், அதன் கதை வேண்டும்.

இதே விசர் ஊரில் இன்னும் இரண்டு பேருக்கு இருந்தது. ஒருவர் டச்பார் கடற்கரையில் இருந்த பெனடிக்ற் அண்ணன். போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர், தச்சு வேலை. வீட்டில் பறங்கிப் பாசையிலும் எங்களோடு தமிழிலும் கதைப்பார், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். மற்றவர் ஏறாவூரில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ஹனிபா காக்கா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். பழைய இரும்பு வாங்கி விற்கிறவர் என்று பேர், வாங்குவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். தண்டவாளத் துண்டு, சில்லு, அச்சு என்று எது வந்தாலும் “இது விக்கிற சாமான் இல்ல” என்று பின்பக்கம் ஒதுக்கிவிடுவார்.

மூன்று பேரும் பௌர்ணமிக்கு வரும் போயா லீவு நாளில் எங்கள் கல்லடி வீட்டில் கூடுவார்கள். பறுவத்துக்குப் பறுவம் தவறாது. அன்றைக்கு இறைச்சிக் கடையும் இல்லை, ஊரில் மீனும் சரியாக வராது. சமைக்க ஒன்றும் கிடைக்காத நாளாகப் பார்த்து விருந்தாளி வந்தால் எப்படி இருக்கும்? பருப்பும் சொதியும் வைத்துக் கொடுப்பேன். என்ன தின்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. மேசை முழுக்கப் படம். எங்கேயோ ஒரு தபால்கார நண்பர் அனுப்பியது, பழைய சஞ்சிகையில் வெட்டியது, கண்டிப் பக்கத்து ஆள் ஒருவர் மாற்றிக்கொள்ளத் தந்தது. ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியை மூன்று பேரும் கை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள்.

தெருவில் அவர்களுக்குச் சின்னக்கோச்சிச் சங்கம் என்று பேர். முன்வீட்டு அன்னம்மா கேட்பாள்: “என்ன கா, உங்கட கோச்சி இண்டைக்கு வெளிக்கிட்டிட்டா?”

சண்டையும் வரும். பெரிய சண்டை ஒன்று, வருசக்கணக்காக முடியாதது: எங்கள் வாவிக்கரைத் தோட்டத்து ட்ரொலிப் பாதை இரண்டடி அகலமா, இரண்டரை அடி அகலமா? என் வீட்டுக்காரர் இரண்டரை. அவிசாவளைக் கோச்சிக்கும் அதே அளவு என்பதால் அவருக்கு அதில் ஒரு பெருமை. பெனடிக்ற் அண்ணன் இரண்டடி. ஹனிபா காக்கா எந்தப் பக்கம் தோற்கிறதோ அந்தப் பக்கம்.

ட்ரொலியில் போன பொம்பிள

அந்தத் தோட்டம் முகத்துவாரத்துக்கு வடக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடந்த தென்னந்தோட்டம். கடற்கரைப் பக்கத்துக் கொப்பராக் கொட்டிலில் இருந்து வாவித் துறை வரைக்கும் சின்னத் தண்டவாளம் போட்டு, ட்ரொலியில் தேங்காய் ஏற்றிக் கையால் தள்ளிக்கொண்டு வருவார்கள். துறையில் தோணிக்கு மாற்றிப் பட்டணத்துக்கு அனுப்புவார்கள். என் மாமனார் அங்கே கணக்கப்பிள்ளை. என் வீட்டுக்காரர் பிறந்ததில் இருந்து அந்த ட்ரொலியில் தொங்கித் திரிந்தவர்.

எங்கள் கலியாணம் கல்லடியில், என் தாய் வீட்டில். அன்றைக்கு ஊற்றிய மழையில் புளியந்தீவில் இருந்து வரவேண்டிய படக்காரர் வரவில்லை. கலியாணத்துக்கு ஒரு படமும் இல்லை. நாலைந்து நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டு விருந்துக்குத் தோணியில் போனபோதுதான் அவர் வெட்கத்தோடு கமெராவைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்.

துறையில் இறங்கினால் ட்ரொலி நிற்கிறது. வெள்ளை விரித்து, நாலு மூலையிலும் குருத்தோலை கட்டி, தோட்டத்து ஆட்கள் சோடித்து வைத்திருக்கிறார்கள். நான் கூறைச் சேலையோடு ஏறி அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். வெறுங்கால், உள்ளங்கால் விளிம்பு வரைக்கும் மருதோண்டி. பயத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். படக்காரர் “சிரியுங்க, சிரியுங்க” என்று கெஞ்சினார். நான் சிரிக்கவில்லை. அந்த நேரம் பின்னால் நின்ற யாரோ சும்மா ஒரு தட்டுத் தட்ட, ட்ரொலி ஒரு முழம் நகர்ந்தது. நான் “ஐயோ” என்று கத்திவிட்டுச் சிரித்துவிட்டேன். அதில்தான் படம் விழுந்தது.

அடையாள அட்டையில் இருந்து கடைசி மகனின் கலியாண ஆல்பம் வரைக்கும் எல்லாப் படத்திலும் நான் களவு கொடுத்தவளைப் போலத்தான் இருப்பேன். வாய் திறந்து சிரித்து விழுந்தது அந்த ஒரு படம்.

“ஆள் வேணாமா ஐயா?”

சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்திருந்த காலம். கோச்சியும் திரும்ப மட்டக்களப்புக்கு வரத் தொடங்கியிருந்தது. அந்தச் சந்தோசத்தில் என் வீட்டுக்காரர் ஒரு நாள் எங்கள் கலியாணப் படத்தைச் சட்டகத்தில் இருந்து கழற்றிக்கொண்டு புளியந்தீவில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறார். “இதைப் பெருப்பிச்சுத் தாங்க” என்றிருக்கிறார்.

ஸ்டூடியோக்காரருக்குச் சந்தோசம். “ஓம் ஐயா, வடிவான சோடி. என்ன சைஸ்?”

“முழுக்க வேணாம். இந்த இடம் மட்டும்.” சில்லைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். “சில்லும் அச்சும் தண்டவாளமும் தெளிவா விழுந்தாக் காணும்.”

“ஆள் வேணாமா ஐயா?”

“வேணாம்.”

“அம்மாட முகம்?”

“அது வீட்ட இருக்குத்தானே.”

ஸ்டூடியோக்காரர் நான் செத்துப்போனேன் என்றோ, ஓடிப்போனேன் என்றோ நினைத்திருக்க வேண்டும். சொன்னபடியே செய்து கொடுத்துவிட்டார். பெரிய படம், பலகை போலத் தடித்த மட்டையில் ஒட்டியது. சில்லின் ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது. சில்லுக்குப் பக்கத்தில், தவிர்க்க முடியாமல், என் கால் இரண்டும் கூறைக் கரையும் விழுந்திருந்தன. கணுக்காலுக்கு மேலே நான் இல்லை.

“எப்பிடி?” என்று தூக்கிக் காட்டினார்.

“தலை எங்க?”

“தலை எதுக்குப் புள்ள? இதப் பாரு, அச்சுப் பெட்டி எப்பிடி விழுந்திருக்கு!”

அந்தப் பறுவத்துக்கு வந்தவர்களுக்கு வெறும் தேத்தண்ணி மட்டும்தான் கொடுத்தேன். அவர்களுக்கு அதுவும் தெரியவில்லை. படத்தைச் சுற்றி நின்று கோயிலில் தீபம் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடல் வந்த பறுவம்

அடுத்த வருசம் நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, மறுநாள் பறுவம். ஞாயிற்றுக்கிழமையும் கூட. வழக்கத்துக்கு மாறாக அந்தத் தரம் ஏறாவூரில் கூடுவது என்று ஆனது. காரணம், ஹனிபா காக்காவின் கடைக்கு யாரோ நாலு சின்னச் சில்லுகளைப் பழைய இரும்பு என்று கொண்டுவந்து போட்டிருந்தார்கள். “படத்தக் கொண்டு வாங்க, ஒத்துப் பாப்பம்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

வெள்ளனவே வெளிக்கிட்டோம். நானும் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனால் வழியில் சோதனைச் சாவடி இருந்தது, தலையில்லாத படத்தைக் கொண்டுபோகிற மனுசனை ஆர் என்ன கேட்பார்களோ என்று எனக்கு யோசனை. தனியே விட மனம் வரவில்லை. கதவைப் பூட்டித் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினேன். பெனடிக்ற் அண்ணனையும் வழியில் கூட்டிக்கொண்டோம். அவருடைய மனுசி பூசைக்குப் புளியந்தீவுக்குப் போயிருந்தா.

சில்லையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆணி ஆணியாக ஒத்துப் பார்த்து, “அதேதான்! நம்மட தோட்டத்துச் சில்லு!” என்று மூன்று பேரும் கத்திய நேரத்தில்தான் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு தெருவில் ஆட்கள் ஓடி வந்தார்கள்.

அந்த நாளைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீடு இருந்த இடத்தில் தரையும் தையல் மெசினின் இரும்புக் காலும் மிஞ்சின. முன்வீட்டு அன்னம்மா இல்லை. டச்பாரில் பெனடிக்ற் அண்ணனின் தெருவே இல்லை. நாங்கள் நாலு பேரும் பெனடிக்ற் அண்ணனின் மனுசியும் இருந்தோம். எங்கள் பிள்ளைகள் அப்போது வேறு ஊர்களில்.

சட்டகத்தில் இருந்த படம் அலையோடு போனது. அதை எடுத்த பழைய படக்காரரும் கடையும் கலவரக் காலத்திலேயே இல்லாமல் போயிருந்தன. மிஞ்சியது என் வீட்டுக்காரரின் கக்கத்தில் இருந்த மட்டைப் படம் மட்டும்.

“இது ஆருட கால்?”

அகதி முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் பெண்கள் கயிறு கட்டி, நனைந்த படங்களைத் துணி காயப்போடுகிற கிளிப்பால் கொழுவியிருந்தார்கள். சேறு பட்டது, பாதி முகம் கரைந்தது, ஒருவருடையது இன்னொருவர் கைக்கு வந்தது என்று வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. என்னுடையதையும் கொழுவினேன். அது ஒன்றுதான் நனையாத படம்.

ஒருத்தி நின்று பார்த்தாள். “இது ஆருட கால்?”

“என்ட.”

“மறுகா ஆளெங்க?”

“ஆள வெட்டிப்போட்டார்.”

“ஆர்?”

“என்ட மனுசன். அவருக்குச் சில்லு வேணுமாம்.”

அவள் என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மூலையில் சுருண்டு கிடந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவள் என்னவென்று கேட்டுச் சிரித்தாள். அந்த அறை முழுக்கச் சிரித்தது. கடல் வந்த பிறகு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அது. “கால் வடிவாத்தான் கிடக்கு கா” என்று ஒரு கிழவி சொன்னா. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிய, எனக்கு என் முகம் வேண்டும் என்று இருந்தது.

அன்றைக்கு இரவு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: “எனக்கு என்ட படம் வேணும்.”

அவர் எழும்பிப் போய் மட்டைப் படத்தைக் கயிற்றில் இருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கால் அளந்த கதை

சில மாதம் போக, தோட்டத்துப் பக்கம் கரைவலை இழுக்கிறவர் ஒருவர் ஹனிபா காக்காவின் கடைக்கு ஒரு இரும்புத் துண்டு கொண்டுவந்தார். சின்னத் தண்டவாளம். கடற்கரைப் பக்கத்துப் பாதையை எப்போதோ பங்கருக்கென்று பிடுங்கிவிட்டார்கள், வாவிப் பக்கம் மண் மூடிக் கிடந்தது, மூடியிருந்த மண்ணை அலை வழித்துக்கொண்டு போக, தண்டவாளம் வெளியே வந்துவிட்டது என்று சொன்னாராம். துறைக்கு இந்தப் பக்கம் ஒரு வரம்பு நீளத்துக்கு அப்படியே கிடக்கிறதாம்.

ஹனிபா காக்கா அந்த மனிதருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, “இனி ஒரு துண்டும் கழட்டாத வாப்பா, அது நம்மட கோடு” என்று சொல்லி அனுப்பிவிட்டு, கடையையும் பூட்டாமல் சைக்கிளில் எங்கள் தற்காலிகக் கொட்டிலுக்கு வந்தார்.

நாலு சில்லு கையில். தண்டவாளம் மண்ணில். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ட்ரொலி செய்வம். அதே இடத்தில, அதே மாதிரி நானும் நீயும் இருந்து படம் எடுப்பம் புள்ள. இந்தத் தரம் தலையோட.”

ஆனால் அதற்குள் அந்தப் பக்கம் ஆமிக் காவல் வந்துவிட்டது, கரைவலைக்காரரைக்கூட விடமாட்டார்கள். தண்டவாளத்துக்கு இடையில் நாடா போட்டு அளந்து வர எவன் போவான்? அகலம் தெரியாமல் பெனடிக்ற் அண்ணன் எப்படி அச்சுச் செய்வார்? திரும்பவும் அதே சண்டை. இரண்டடியா, இரண்டரையா?

என் வீட்டுக்காரர் மட்டைப் படத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

“படத்தில உன்ட கால் எவ்வளவு நீளம், தண்டவாளம் எவ்வளவு அகலம் என்டு பாத்து, உன்ட உண்மைக் கால அளந்தா…”

பெனடிக்ற் அண்ணன் மேசையில் அடித்தார். “மாஸ்டர் பிளான்!”

ஹனிபா காக்கா மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டார். என் தையல் நாடாவால் நானே என் காலை அளந்து சொன்னேன். கணக்குப் போட்டார்கள். இரண்டடிக்கு மேலே, இரண்டரைக்குக் கொஞ்சம் கீழே வந்தது.

“கொஞ்சம் கீழ என்டா ரெண்டரைதான்!” என்று என் வீட்டுக்காரர் துள்ளினார். பெனடிக்ற் அண்ணன் பறங்கிப் பாசையில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு இரண்டரை அடிக்கு அச்சுச் செய்தார். படத்தில் தெரிந்த ஆணி, இரும்புப் பட்டை, பலகை எல்லாம் அப்படியே. நாலு வருசம் அந்த ட்ரொலி அவருடைய புது வீட்டு விறாந்தையில் நின்றது. சண்டை திரும்பத் தொடங்கி, பாதை திரும்ப மூடி, செல்லடிச் சத்தம் தூரத்தில் கேட்ட காலம் முழுக்க, பேரப்பிள்ளைகள் அதில் ஏறி விளையாடினார்கள்.

கால் வளர்ந்திட்டு

சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் தெருவில் அன்றைக்கு யாரும் யாரோடும் அதிகம் கதைக்கவில்லை. கிரானில் இருந்த என் தங்கச்சி மகன் எங்கே என்று தெரிய இன்னும் சில மாதம் எடுத்தது. அவன் வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகுதான் எனக்கு ட்ரொலியைப் பற்றிக் கேட்க மனம் வந்தது.

கொழும்பில் இருந்த தோட்டத்துச் சொந்தக்காரரின் மகன், “போய்ப் பாருங்க, அங்க என்ன கிடக்கு” என்றுவிட்டார். காவலில் இருந்த ஆமிப் பெரியவர் ஒரு நாள் மட்டும் என்று அனுமதி தந்தார். ஒரு நாள்தான் என்பதால், போய் அளந்து வந்து செய்யலாம் என்ற யோசனையே ஆருக்கும் வரவில்லை. ஒரு பறுவத்தன்று ஹனிபா காக்காவின் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ட்ரொலியை ஏற்றிக்கொண்டு போனோம். மிதிவெடி பார்த்துக் கொடி நட்ட பாதைதான். என்றாலும் நான் என் வீட்டுக்காரரின் காலடி பதிந்த இடத்தில் மட்டும் காலை வைத்து நடந்தேன்.

எங்களோடு ஒரு சார்ஜன்ட்டை அனுப்பியிருந்தார்கள். நடு வயது, தொந்தி, முகத்தில் சலிப்பு. ஒரு தென்னை நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்டவாளம் கிடந்தது! துருப்பிடித்து, ஆனால் நேராக, வாவியை நோக்கி. மூன்று பேரும் மண்டியிட்டு அதைத் தடவினார்கள். பிறகு ட்ரொலியைத் தூக்கி வைத்தார்கள்.

ஒரு பக்கச் சில்லு தண்டவாளத்தில் ஏறியது. மற்றப் பக்கம் மண்ணில் புதைந்தது.

பெனடிக்ற் அண்ணன் மெல்ல நாடாவை எடுத்து அளந்தார். “ரெண்டடி” என்றார். சந்தோசத்தை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பி என் காலைப் பார்த்தார்கள்.

“புள்ள,” என்றார் என் வீட்டுக்காரர், “உன்ட கால் வளர்ந்திட்டு.”

“நாலு புள்ள பெத்தா வளராமல்? வீங்கின காலுக்கு மேல நீங்க வேற ரெண்டரையாக்கினீங்க!”

சார்ஜன்ட் கிட்ட வந்தார். என்ன பிரச்சினை என்று சிங்களத்தில் கேட்டார். ஹனிபா காக்கா சில்லைக் காட்டி, தண்டவாளத்தைக் காட்டி, கடைசியில் என் காலைக் காட்டி விளங்கப்படுத்தினார். சார்ஜன்ட் என் காலை உற்றுப் பார்த்தார். தெரிந்த தமிழில், “அம்மா, பெரிசு” என்றார். மூன்று பேரும் மண்ணில் விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு நாள் அனுமதி முடிந்துவிட்டது, இனி விடமாட்டார்கள், என் படம் இனி இல்லை என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

விட்டார்கள். அடுத்த பறுவத்துக்கும் வரச் சொல்லி ஆள் வந்தது. அந்தச் சார்ஜன்ட்தான் பெரியவரிடம் சொல்லியிருக்க வேண்டும், நாலு விசரர்கள், ஆபத்தில்லாதவர்கள் என்று.

தட்டுப்பட்ட இடம்

ஆக, தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டோம். அச்சு இரண்டடி. பிறேக் இல்லை. நான் பலகையில். கால் தொங்குகிறது.

அப்போதுதான் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. “நில்லுங்க! படம் ஆர் எடுக்கிற?”

ஹனிபா காக்காவின் மகளுடைய கமெரா அவர் கழுத்தில் தொங்கியது. “நான் தள்ளவேணும் புள்ள” என்றார். “எத்தின வருசம் காத்திருந்தன்.”

“அண்ணன்?”

“நான் செய்த வண்டி, தங்கச்சி” என்றார் பெனடிக்ற் அண்ணன். “சில்லு உருள்றத நான் கிட்ட நிண்டு பாக்கோணும்.”

ஆருக்கும் படம் எடுக்க மனமில்லை. எடுத்தாலும் என்ன விழும் என்று எனக்குத் தெரியும். நான் கமெராவை வாங்கி, தென்னை நிழலில் நின்ற சார்ஜன்ட்டைக் கையால் கூப்பிட்டேன். ஆமிக்காரரை நானாகக் கூப்பிட்டது வாழ்நாளில் அன்றைக்குத்தான். அவர் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கமெராவை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் செலவழித்துச் சொன்னார்: சில்லு விழவேண்டும், அச்சு விழவேண்டும், தண்டவாளம் விழவேண்டும். சார்ஜன்ட் “ஹரி, ஹரி”, சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு பின்னால் போனார். கமெராவைக் கண்ணில் வைத்தார். திரும்பக் கண்ணில் இருந்து இறக்கி என்னைப் பார்த்தார்.

“அம்மா, சிரிங்க.”

நான் பழைய முகத்தோடு இருந்தேன்.

“அம்மா, சிரிங்க!”

பின்னால் “ஒண்டு, ரெண்டு…” என்று கேட்டது. மூன்று சொல்வதற்குள் தள்ளிவிட்டார்கள். சில்லு கிரீச்சென்றது. பலகை அசைந்தது. தென்னை மரங்கள் மெல்லப் பின்னால் போகத் தொடங்கின. என் வீட்டுக்காரர், “ஓடுது புள்ள, ஓடுது!” என்று சின்னப் பிள்ளையைப் போலக் கத்தினார். இரண்டு தண்டவாளம் சேர்கிற ஒரு இடத்தில் வண்டி ‘தடக்’ என்று தட்டுப்பட, குடை பறந்தது, மீன்குழம்புப் பார்சல் பறந்தது, நான் “ஐயோ” என்று கத்தினேன். கத்திவிட்டு, எனக்கே தெரியாமல் சிரித்தேன்.

வண்டி தள்ளாமல் விட்ட பிறகும் நிற்கவில்லை. நான் சொன்னது சரி. துறையில் போட்டிருந்த பழைய கட்டை ஒன்றில் முட்டி நின்றது. ஆருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குடையை வாவி கொண்டுபோனது. மத்தியானம் வெறும் சோறு தின்றோம். சார்ஜன்ட் தன் பிஸ்கட் பைக்கட்டைப் பிரித்து நீட்டினார். பிறகு அவரையும் ஏற்றித் தள்ளினோம். தொந்தியைப் பிடித்துக்கொண்டு அவர் போட்ட சத்தத்தில் நாரைகள் எழும்பிப் பறந்தன.

இந்தத் தரம் கால் வேணாமா?

புளியந்தீவில் அதே ஸ்டூடியோ. கடைக்காரருக்குத் தலை நரைத்திருந்தது. கமெராவை வாங்கிப் படத்தைத் திரையில் போட்டார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். மூன்று பேருடைய முகமும் ஒன்றாக வாடியது.

சார்ஜன்ட் ஆட்களைத்தான் எடுத்திருந்தார். என் வாய் நிறையச் சிரிப்பு, என் வீட்டுக்காரரின் திறந்த வாய், பறக்கும் குடையின் ஒரு மூலை, பின்னால் பெனடிக்ற் அண்ணனின் தொப்பியும் ஹனிபா காக்காவின் தாடியும். முழங்காலோடு படம் முடிந்தது.

“சில்லு?” என்றார் என் வீட்டுக்காரர்.

“சில்லில்ல” என்றார் பெனடிக்ற் அண்ணன்.

“ஒரு தண்டவாளங்கூட இல்ல வாப்பா!” என்றார் ஹனிபா காக்கா.

ஸ்டூடியோக்காரர் என் வீட்டுக்காரரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் உயிரோடு இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. “இந்தத் தரம் கால் வேணாமா ஐயா?”

“வேணாம்” என்று நான் சொன்னேன். “கால் வீட்ட இருக்கு.”

பெனடிக்ற் அண்ணன் நீளமாக ஒரு சட்டகம் செய்து தந்தார். மேலே புதுப் படம், கீழே மட்டைப் படம். இரண்டும் சரியாகப் பொருந்தவில்லை. மேலே நைலெக்ஸ் சேலை, கீழே கூறைக் கரை. மேலே நரைத்த தலை, கீழே மருதோண்டிக் கால். கால் மேலே இருக்கிற ஆளுக்குச் சின்னது. என்றாலும் தலையில் இருந்து கால் வரைக்கும் நான் இருக்கிறேன்.

பறுவத்துக்கு வருகிறவர்கள் இப்போதும் கண்ணாடியோடு கீழ்ப் பாதிக்குத்தான் குனிகிறார்கள். புதிதாக அடுத்த வீட்டுக்குக் குடிவந்த பெண் ஒருத்தி போன மாதம் அதற்கு முன்னால் நெடுநேரம் நின்றாள்.

“அங்கிள், கீழ இருக்கிறது ஆருட?”

“அது ரெண்டடிக் கோடு” என்றார் என் வீட்டுக்காரர் பெருமையாக.

“அவர் சொல்றது சில்ல மகள்” என்றேன் நான். “கால் என்ட.”